தோலின் அரண்: மருந்துக் கடையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நான் மருந்தாளுநர். சளி, காய்ச்சல் மாத்திரைக்கு அடுத்தபடியாகக் கடையில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது தோலைப் பற்றித்தான். முகம் இழுக்கிறது, கை வெடிக்கிறது, எந்த கிரீம் பூசினாலும் சுடுகிறது. பாதிப் பேர் தோலின் மேலடுக்கைத் தேய்த்தும் கரைத்தும் கெடுத்துவிட்டு, அதைச் சரிசெய்ய இன்னொரு டியூப் வாங்க வந்திருப்பார்கள். கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன. அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஸ்கின் பேரியர், ஸ்கின் பேரியர்னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்களே, அது தோல்ல எங்க இருக்கு?

ஆக மேலே. உயிர் போன செல்கள் பதினைந்து இருபது அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய படலம் அது. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். அமெரிக்கத் தோல் ஆய்வாளர் பீட்டர் இலையாஸ் இதைச் செங்கல் சுவர் என்று விளக்கினார். செல்கள் செங்கல், இடையில் இருக்கும் கொழுப்பு சாந்து. அந்தக் கொழுப்பில் எடைக்குப் பாதி செராமைடு, கால்வாசி கொலஸ்ட்ரால், மிச்சத்தில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள்.

உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் காப்பதும், வெளியே இருக்கும் கிருமி, சோப்பு, தூசி உள்ளே போகாமல் தடுப்பதும் இதன் வேலை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பல பதில்களுக்கு இது வேண்டும்: தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. பிஎச் அளவு ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை (7 என்றால் நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம்). செராமைடைத் தயாரிக்கும் நொதிகள் அந்த அமிலத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

என்னோடது கெட்டிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்குச் சிவக்கவே இல்லையே?

வெள்ளைத் தோலுக்கு எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டுக் கேட்கிற கேள்வி. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. சாம்பல் பூத்த மாதிரி, கருஞ்சிவப்பாக, அல்லது சுற்றியிருக்கும் இடத்தைவிடக் கருத்துத் தெரியும். ஆறிய பிறகும் அந்தக் கருமை மாதக்கணக்கில் நிற்கும். அதைப் போக்க எதையாவது தேய்க்கப் போய் மறுபடி புண்ணாக்கிக் கொள்கிறவர்கள் நிறைய.

நிறத்தை விடுங்கள், உணர்ச்சியைப் பாருங்கள். முகம் கழுவி ஐந்து நிமிடத்தில் தோல் இழுத்துப் பிடிக்கிறதா? இத்தனை நாள் ஒத்துக்கொண்ட கிரீம் திடீரென்று எரிகிறதா? வியர்வை பட்டாலே சுருக்கென்கிறதா? நகத்தால் கோடு போட்டால் வெள்ளையாக நிற்கிறதா? இதில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் மேலடுக்கு தேய்ந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

சோப்பு போடாம குளிச்சா குளிச்ச மாதிரியே இல்லையே?

சோப்பை விடவே வேண்டாம். அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்குப் போடுங்கள். வெயிலில் வேலை செய்து புழுதியோடு வந்தால் உடம்பு முழுக்கவும் போடலாம். வீட்டிலேயே இருந்த நாளில் கைக்கும் காலுக்கும் முதுகுக்கும் தண்ணீரே போதும். "கீச்"சென்று சத்தம் வரும்வரை தேய்ப்பது சுத்தமில்லை. அது சாந்து கரைந்து போன சத்தம்.

எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்கிற எந்தச் சோப்பும், குழந்தை சோப்பாகவே இருந்தாலும், பிஎச் 9, 10 என்று காரமாகத்தான் இருக்கும். அட்டையில் "கிரேடு 1, டிஎஃப்எம் 76%" என்று இருப்பதைக் காட்டி "இது மைல்டுதானே மேடம்?" என்று கேட்பார்கள். டிஎஃப்எம் என்பது சோப்பில் எவ்வளவு கொழுப்புப் பொருள் இருக்கிறது என்ற கணக்கு. 76-ம் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம்; சோப்பு சீக்கிரம் கரையாது. ஆனால் பிஎச் அதனால் இறங்கிவிடாது. தோல் ஏற்கெனவே எரிகிறவர்கள் சோப்பு இல்லாத கிளென்சர் அல்லது சின்டெட் பார் (சோப்புக் கட்டி மாதிரியே இருக்கும், ஆனால் காரமில்லாதது) வாங்குங்கள். விலை கூடத்தான். முகத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு பார் நெடுநாள் வரும்.

கடலை மாவு, பயத்தம் மாவு, நலங்கு மாவெல்லாம் இயற்கைதானே, அது என்ன பண்ணப் போகுது?

மாவு சோப்பைவிடச் சாது, அதில் சந்தேகமில்லை. கெடுதல் தேய்ப்பில் இருக்கிறது. மில்லில் ஒருமுறை மட்டும் ஓட்டிய மாவை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று தெரியும். சலித்த மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து, தடவிக் கழுவிவிடலாம். எரியும் தோலுக்கு அதுவும் கொஞ்ச நாள் வேண்டாம்.

எலுமிச்சம்பழம் மட்டும் கூடவே கூடாது. அதன் பிஎச் 2 அளவு. அதோடு, சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கருத்துப்போகும். கன்னத்தில் சாறு வழிந்த கோடு அப்படியே கருப்பாக நிற்பதைக் கல்லூரிப் பெண்கள் வந்து காட்டியிருக்கிறார்கள்.

வீட்ல தேங்காய் எண்ணெய் இருக்கு, கிரீமுக்கு எதுக்குக் காசு?

நியாயமான கேள்வி. உடம்புக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதுதான். பிலிப்பைன்ஸ் நாட்டில் வறண்ட தோல்காரர்களுக்குத் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் கொடுத்து ஒப்பிட்டு 2004-ல் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டும் வேலை செய்தன. 2014-ல் எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி) இருக்கும் குழந்தைகளிடம் பார்த்தபோது தேங்காய் எண்ணெய்தான் முந்தியது. அதில் நிறைய இருக்கும் லாரிக் அமிலம் சில பாக்டீரியாக்களையும் அடக்கும்.

ஆனால் எல்லா எண்ணெயும் ஒன்றில்லை. ஆலிவ் எண்ணெயில் ஒலீயிக் அமிலம் மிக அதிகம். அது சாந்துக்குள் புகுந்து இளக்கிவிடும் என்று 2013-ல் வந்த ஒரு பிரிட்டன் ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய் அந்தக் கெடுதலைச் செய்யவில்லை. கடுகெண்ணெயும் எரிச்சல் தரும். நல்லெண்ணெய் நடுவில், ஒலீயிக்கும், சூரியகாந்தி எண்ணெயில் அதிகமாக இருக்கும் லினோலீயிக் அமிலமும் ஏறத்தாழச் சமம். வாரம் ஒருநாள் தேய்த்துக் குளிப்பதில் பிரச்சினை எண்ணெயில் இல்லை, அதை எடுக்கப் போடும் சீயக்காயை முகத்திலும் மார்பிலும் வழித்துத் தேய்ப்பதில்தான்.

யாருக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது? முகத்தில் பரு வருகிறவர்களுக்கு. அது துளைகளை அடைக்கும். பொடுகும், மூக்கோரம் புருவத்தில் செதிலும் இருப்பவர்களுக்கும் ஆகாது. அதற்குக் காரணமான ஈஸ்டுக்குக் கொழுப்பு அமிலம்தான் சாப்பாடு. பொடுகைக் "காய்ஞ்சிருக்கு" என்று நினைத்து எண்ணெய் வைத்தால் பெருகத்தான் செய்யும்.

வாஸ்லின் பெட்ரோல்ல இருந்து எடுக்கறதாமே, அதைப் போயா மூஞ்சில பூசறது?

கச்சா எண்ணெயிலிருந்து வருவது உண்மைதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளில் பம்புத் தண்டுகளில் படிந்த மெழுகைத் தொழிலாளிகள் காயத்தில் பூசிக்கொள்வதைப் பார்த்துத்தான் ராபர்ட் செஸ்பரோ அதைச் சுத்திகரித்தார். 1872-ல் காப்புரிமை வாங்கினார். மருந்துக் கடையில் விற்பது நன்கு சுத்திகரித்தது, வாசனை சேர்க்காதது. தோலிலிருந்து தண்ணீர் ஆவியாவதைத் தடுப்பதில் இதை மிஞ்ச அநேகமாக எதுவுமில்லை. மேலே மூடிக்கொண்டு மட்டும் இருப்பதும் கிடையாது. இடுக்குகளுக்குள் இறங்கி உட்காரும், அடியில் தோல் தன் வேலையைத் தொடரும்.

இரண்டு எச்சரிக்கை. அது தண்ணீர் தராது, இருக்கிற தண்ணீரைக் காக்கும். ஈரத்தோலில் பூசினால்தான் பலன். இரண்டாவது, கிரீம்களும் பெட்ரோலியம் ஜெல்லியும் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும் என்று பிரிட்டன் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018-ல் எச்சரித்தது. துணி துவைத்தாலும் முழுதாகப் போகாது. கையெல்லாம் பூசிக்கொண்டு நைட்டியோடு அடுப்பருகில் நிற்பவர்களுக்கும், விளக்கேற்றுபவர்களுக்கும் இதைச் சொல்லாமல் நான் டப்பாவைக் கொடுப்பதில்லை.

அப்ப செராமைடு கிரீம் வெறும் விளம்பரமா?

விளம்பரம் பாதி. சாந்தில் மூன்று வகைக் கொழுப்பு என்று முதல் கேள்வியில் சொன்னேன். 1990-களில் எலிகளின் தோலில் செய்த ஆய்வுகள் காட்டியது: மூன்றில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் பூசினால் தோல் ஆறுவது தாமதப்பட்டது, மூன்றும் சமமாக இருந்தால் இயல்பாக ஆறியது, ஒன்றை மற்றவற்றைப்போல் மூன்று மடங்காக்கினால் சீக்கிரம் ஆறியது. ஆக "செராமைடு" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை மட்டும் பார்த்துப் பயனில்லை. கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கட்டுப்படியானால் வாங்குங்கள். இல்லையென்றால் கிளிசரின் கலந்த, வாசனையில்லாத சாதா கிரீமும், அதன்மேல் மெல்லிசாக வாஸ்லினும் போதும். ஆயிரம் ரூபாய் கிரீமைக் கடுகளவு தொட்டு வைப்பதைவிட நூறு ரூபாய் கிரீமைத் தாராளமாகப் பூசுவது மேல்.

தாராளம்னா எவ்வளவு? எப்பப் பூசணும்?

ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு பிதுக்கினால் அரை கிராம் வரும். அது விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை இரண்டின் பரப்புக்குக் காணும். பெரியவர்களுக்கு உடம்பு முழுக்க ஒருதரம் பூச 20 கிராம் அளவு ஆகும். ஐம்பது கிராம் டியூபை இரண்டு மாதம் ஓட்டினேன் என்று சொல்பவருக்குக் கிரீம் வேலை செய்யவில்லை என்றால் ஆச்சரியமில்லை.

வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் குளித்து, துண்டால் ஒற்றி, தோல் ஈரமாக இருக்கும்போதே பூசுங்கள். குளியலறையை விட்டு வெளியே வருவதற்குள் முடித்துவிட வேண்டும். ஏசி அறையில் படுப்பவர்கள் இரவில் இன்னொரு தரம்.

எங்க ஏரியால போர் தண்ணி. ஒரே உப்பு. அதனாலதான் முகம் இப்படி ஆகுதா?

ஓரளவுக்கு ஆம். கடினநீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகத் தோலில் ஒட்டும். வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். தண்ணீரைவிட அந்தக் கூட்டுதான் அதிகம் கெடுக்கிறது. வீட்டுக்கே சாஃப்ட்னர் வைக்க வேண்டியதில்லை. காரச் சோப்பை மாற்றுங்கள். முகத்துக்குக் கடைசிக் குவளை மட்டும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

எனக்கு எண்ணெய் வழியுற முகம், பரு வேற. நான் மாய்ஸ்சரைசர் போட்டா இன்னும் வழியாதா?

மேலே வழிகிற எண்ணெய் வேறு, சாந்தில் இருக்கிற கொழுப்பு வேறு. முன்னது எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து வருவது. பின்னதைத் தோல் செல்களே செய்கின்றன. அதனால் எண்ணெய் வழிகிற முகமும் அரண் கெட்டு எரியலாம். பரு மருந்துகள் பலவும் தோலை உலர்த்தும். கிரீம் போடாமல் அவற்றைத் தொடர்ந்தால் இரண்டாவது வாரத்தில் எரிச்சல் தாங்காமல் மருந்தையே நிறுத்திவிடுவீர்கள். ஜெல் அல்லது லோஷன் வகை போதும். எண்ணெயும் வாஸ்லினும் உங்களுக்கு வேண்டாம்.

எங்கிட்ட அஞ்சு சீரம் இருக்கு. எதை நிறுத்தணும்?

எரிச்சல் அடங்கும்வரை எல்லாவற்றையும். குறிப்பாக கிளைகாலிக், சாலிசிலிக் அமிலங்கள், ரெட்டினால், வைட்டமின் சி, ஸ்க்ரப். நியாசினமைடு (வைட்டமின் பி3-ன் ஒரு வகை) மட்டும் விதிவிலக்கு. செராமைடு உற்பத்தியைத் தூண்டும் என்பதால் 2 முதல் 5 சதவீதம் வரை ஒத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளலாம். 10 சதவீதம் சுடும் என்றால் அதுவும் வேண்டாம். அடங்கிய பிறகு ஒன்றை மட்டும், வாரத்தில் இரண்டு இரவு. இரண்டு வாரம் பார்த்துவிட்டு அடுத்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

சன்ஸ்கிரீனும் எரியுதே?

ஆறும்வரை குடை, துப்பட்டா, தொப்பி. பூசித்தான் ஆக வேண்டும் என்றால் ஜிங்க் ஆக்சைடு மட்டும் இருப்பது.

எத்தனை நாள்ல சரியாகும்?

இளம் வயதில், ஒரே ஒருமுறை பட்ட சேதம் சுமார் மூன்று நாளில் மூடிக்கொள்ளும். வயதானவர்களுக்கு அதைவிடக் கூடுதல். மாதக்கணக்கில் கெடுத்ததற்கு அந்தக் கணக்கு செல்லாது. தோல் முழுதாகப் புதுப்பித்துக்கொள்ள நான்கு வாரம் ஆகும், அதனால் ஒரு மாதம் ஒரே பழக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். எரிச்சல் முதல் வாரத்திலேயே குறையும். அப்போது "சரியாயிடுச்சு" என்று பழைய சீரத்தைத் திறப்பவர்கள்தான் மறுபடி வருகிறார்கள்.

மனக் கவலைக்கும் இதில் பங்கு உண்டு. பரீட்சை நேரத்தில் மாணவர்களின் தோல் விடுமுறை நாட்களைவிட மெதுவாக ஆறியதை அமெரிக்க ஆய்வொன்று அளந்து காட்டியிருக்கிறது.

பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சுக் கை வெடிச்சிருச்சு. நான் எங்க போயி வேலைய நிறுத்தறது?

நிறுத்த முடியாதுதான். ரப்பர் கையுறை, அதற்குள்ளே மெல்லிய பருத்திக் கையுறை. வெறும் ரப்பரென்றால் உள்ளே வியர்த்து ஊறிவிடும். கையுறை கட்டுப்படியாகாதென்றால் சோப்பைக் கையில் எடுக்காமல் கிண்ணத்தில் கரைத்து, கைப்பிடி வைத்த பிரஷ்ஷால் தேய்க்கலாம். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். புண் பெரும்பாலும் அதன் அடியிலிருந்துதான் தொடங்கும், சோப்புத் தண்ணீர் அங்கே தங்கும். ஒவ்வொரு முறை கை கழுவியதும் பொட்டு வாஸ்லின். அழுக்கில்லாத கைக்கு சோப்பைவிட சானிடைசர் குறைவாகத்தான் கெடுக்கும். வெடிப்பில் பட்டால் காந்தும், அவ்வளவே.

பிறந்த குழந்தைக்கு தினம் எண்ணெய் தேய்ச்சு, மாவு போட்டுக் குளிப்பாட்டலாமா? அத்தை கேக்க மாட்டேங்கறாங்க.

பிறந்தவுடன் உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் படலம் அழுக்கில்லை. அதைத் தேய்த்து எடுக்கக்கூடாது. முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. அதன் பிறகு எண்ணெய் தடவுவதில் தவறில்லை. டாக்கா மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில் கிருமித் தொற்று கணிசமாகக் குறைந்ததாக 2005-ல் ஆய்வு வந்தது. ஆலிவ், கடுகு வேண்டாம். காரணம் மேலேயே இருக்கிறது. மாவும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். அத்தைக்கு எண்ணெயை விட்டுக்கொடுத்து மாவைத் தடுத்துவிடுங்கள், வீட்டில் அமைதி இருக்கும்.

"இப்பவே தினம் கிரீம் பூசினா பின்னால எக்ஸிமா வராதாமே?" என்றும் கேட்கிறார்கள். பிரிட்டனில் ஏறத்தாழ 1,400 குழந்தைகளிடம் சோதித்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள், தடுக்கவில்லை. தோல் தொற்றுதான் கொஞ்சம் கூடியிருந்தது. வறட்சி இருந்தால் பூசுங்கள், இல்லையென்றால் சும்மா இருங்கள்.

ஒரு கடைல கிரீம் குடுத்தாங்க. போட்டா பளிச்னு இருக்கு. ரெண்டு நாள் விட்டா முகமே எரியுது. அது நல்ல கிரீம்தானே?

என்னை மிகவும் கோபப்படுத்தும் கேள்வி இதுதான். கோபம் கேட்பவர்மேல் இல்லை. டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. எந்தப் பெயருமே இல்லாத டப்பாவென்றால் இன்னும் மோசம்.

ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கும். முகம் இரண்டு நாளில் தெளியும். கூடவே சாந்துக்கான கொழுப்பு உற்பத்தியையும் குறைத்துவிடும், தோல் மெலியும். மாதக்கணக்கில் போட்டால் மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரியும், பரு வரும், மெல்லிய முடி முளைக்கும். விட்டால் எரியும், எரிவதால் மறுபடி போடுவீர்கள். நம் ஊர்த் தோல் மருத்துவர்கள் இந்த முகத்துக்குத் தனியாக ஒரு நோய்ப் பெயரே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பேர் வருகிறார்கள். 2018-ல் மத்திய அரசு 14 பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகும் "சிவப்பழகு கிரீம்" என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் என்பதால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பெயரில்லாத வெளுப்பு கிரீம்களில் பாதரசம் இருப்பதுண்டு. கேரளத்தின் மலப்புரம் பகுதியில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களில் பலர் இப்படிப்பட்ட கிரீம் போட்டவர்கள் என்று மருத்துவர்கள் ஆய்விதழில் எழுதினார்கள். ஸ்டீராய்டையே வெறுக்கவும் சொல்லவில்லை. எக்ஸிமாவுக்கு மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள்வரை போட்டால் அதுதான் நல்ல மருந்து. நீண்ட நாள் போட்டவர்கள் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

சர்க்கரை இருக்கு. குதிகால்ல பித்தவெடிப்பு. பிளேடால சுரண்டிட்டு பூசலாமா?

பிளேடு கூடாது, கல்லும் வேண்டாம். சர்க்கரையால் கால் மரத்திருந்தால் ஆழமாக வெட்டியது உங்களுக்கே தெரியாது. யூரியா கலந்த கிரீமை இரவில் குதிகாலில் பூசிப் பருத்தி உறை போடுங்கள். கால்விரல் இடுக்கில் மட்டும் எந்தக் கிரீமும் பூசாதீர்கள். ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். வெடிப்பில் ரத்தமோ நீரோ கசிந்தால் அன்றைக்கே டாக்டர்.

எல்லாத்தையும் விட்டுட்டேன், நீங்க சொன்ன மாதிரியே பண்றேன். ஒரு மாசமாச்சு, இன்னும் அடங்கலையே?

அப்படியானால் அது வெறும் அரண் பிரச்சினையாக இல்லாமல் இருக்கலாம். இடத்தைப் பாருங்கள். நெற்றி நடுவில் மட்டும் அரித்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசையோ குங்குமமோ. அங்கே வெள்ளையாகிக்கொண்டு வந்தால் பொட்டை அன்றே நிறுத்துங்கள். காதோரமும் இமையும் வீங்கினால் தலைச் சாயம். காது மடலும் கழுத்தும் என்றால் கவரிங் நகையில் இருக்கும் நிக்கல். வட்டமாக, விளிம்பு தடித்து, நடுவில் தெளிந்து பரவினால் படர்தாமரை. அதில் முன்னால் சொன்ன ஸ்டீராய்டைப் போட்டால் அரிப்பு நிற்கும், வட்டம் பெரிதாகும்.

ஒவ்வாமை எது என்று கண்டுபிடிக்க முதுகில் பட்டைகள் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது; அரசு மருத்துவக் கல்லூரிகளின் தோல் பிரிவில் விசாரியுங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் டியூப், டப்பா, சாயப் பாக்கெட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். தேன் நிறத்தில் பொருக்கு கட்டினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, வலியோடு கொத்தாகக் கொப்புளம் கிளம்பினாலோ பேட்ச் டெஸ்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அன்றே போய்விடுங்கள்.